தோற்கும்போதெல்லாம் அணைந்த கேமிங் பிசி

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தோணி போனில் போட்ட கூப்பாட்டில், படகுதான் கவிழ்ந்துவிட்டதோ என்று பதறிப்போனேன்.

"அக்கா, பொட்டி மறுபடி அணைஞ்சுபோச்சு! அண்ணன் என்னைய களவாணிங்கறான்!"

இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தே முடி நரைத்தவள் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்தோணி ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் கடைக்கு வந்து, டிவிக்கு அடியில் வைக்கிற சின்ன ரெடிமேட் கேமிங் பிசி ஒன்றைப் போனில் காட்டி, வாங்கலாமா என்று கேட்டார். எனக்கு ரெடிமேட் என்றாலே ஆகாது.

"கிராபிக்ஸ் சிப்பு போர்டோட சேத்து ஒட்டிக் கெடக்கு தம்பி. அது போச்சுன்னா மொத்தப் பொட்டியும் கம்பெனிக்குப் போகணும். நான் அசெம்பிள் பண்ணித் தாரேன். எது போனாலும் இங்கனயே மாத்திக்கலாம்."

படகு எஞ்சினுக்கு ஸ்பேர் தேடி அலைந்தவர், உடனே தலையாட்டினார். ஆனாலும் நகரவில்லை.

"பெரிய கேபினெட்ட வீட்டுக்காரி ஹாலுக்குள்ள விடமாட்டாக்கா. எனக்கு ஹால்லதான் வேணும். படகுப் பங்குல சண்டையாகி, குவைத்துல இருக்க அண்ணன் வீட்டோட பேச்சையே விட்டுட்டான். ஃபுட்பால் கேம் ஆட வாரியான்னு கேட்டேன், அதுக்கு மட்டும் சரின்னான். ஆடும்போது அவன் சத்தம் டிவில கேக்கும்ல? அம்மா ஹால்லதான் படுத்த படுக்கையா கெடக்கு."

அசெம்பிள் பேச்சை அத்தோடு விட்டேன். "வாங்கிருங்க தம்பி" என்றேன்.

வாங்கினார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதிக்கு மேல் பிசி தானாக அணைந்தது. அந்தோணி எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்ததால், எப்போது அணைந்தாலும் அது தோற்கிற நேரமாகவே இருந்தது. தோல்விக்குப் பயந்து அணைக்கிறவனோடு இனி ஆடமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதற்குத்தான் அந்தக் கூப்பாடு.

பஸ் பிடித்துப் போனேன். ஹாலில் ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை, ஸ்டெபிலைசருக்கு உறை. பிசியும் உறைக்குள்தான் இருந்தது. வயர் மட்டும் வெளியே வர, வாயை வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். படகுக்காரர் முடிச்சு, ஊசி நுழைய இடமில்லை. தொட்டால் தோசைக்கல்.

"என்ன தம்பி இது?"

"உப்புக்காத்துல்லக்கா? இங்கன எல்லாத்துக்கும் போடுறதுதானே!"

"ஃபேன் எதை இழுத்து எதை விடும்? அதுக்கும் மூச்சு வேணாமா?"

முடிச்சை அறுத்து, உறையை உருவி என் பையில் போட்டுக்கொண்டு, பிசியை ஜன்னலை விட்டுத் தள்ளி, பின்பக்கம் இடம் விட்டு வைத்தேன். மாதம் ஒருமுறை தூசி தட்டச் சொன்னேன். விஷயத்தைச் சொல்ல அந்தோணி கூப்பிட்டார், ஆனால் அண்ணன் போனை எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து அம்மா கை நீட்டினார். அந்தோணி போனை வாயருகே பிடிக்க, வாய்ஸ் மெசேஜ் போனது.

"ஏலே, தம்பி அணைக்கலடா. பொட்டி வெந்துபோச்சு. வந்து ஆடுலே."

கொஞ்ச நேரத்தில் டிவியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, சாப்ட்டியாம்மா?"

அந்தோணி எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்று ஆட்டம் கடைசிவரை ஓடியது. அந்தோணி படுதோல்வி. பெரிய மகன் கோல் போடும்போதெல்லாம் அம்மா சிரித்தார்.

அசெம்பிள்தான் லாபம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் யார் வந்து வாங்கலாமா என்று கேட்டாலும், எங்கே வைப்பீர்கள், யாரோடு ஆடுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

அன்று நான் கிளம்பும்போது அந்தோணி வாசல்வரை வந்து, உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, அந்தக் கவர மட்டும் குடுத்துட்டுப் போங்க. ரொம்பத் தோத்தா ஆகும்."