புளியாரை ஓரத்து நீலப் பூச்சிகள்

ராஜபாளையத்துக்குக் கூலித் தறி ஓட்ட வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பாறை என்று எல்லோரும் ஒதுக்கிய மேட்டை வாங்கிக் கிணறு வெட்டினேன், தண்ணீர் வந்தது. தறி செட் போட்டேன். பேண்டேஜ் துணி வெளுக்கத் தொட்டி கட்டினேன். ‘தறிக்காரனுக்கா பெண்?’ என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் முகத்தைத் திருப்பிய வீட்டிலேயே பெண்ணெடுத்தேன். யாரும் கைகொடுக்கவில்லை.

எண்பதுகளில் பகலில் கரண்ட் போய்விடும். தறிகள் நின்றதும் காதடைத்த மாதிரி இருக்கும். அப்போதுதான் நானும் மனைவியும் துணி காயப்போடும் களத்தோரம் உட்காருவோம். ஒருநாள் ஈரத்துணி மேல் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. பூச்சி பட்டதென்றால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

“ஏட்டி, அந்துப்பூச்சி! புல்லெல்லாம் செதுக்கி மருந்தடிக்கச் சொல்லுதேன்.”

“செத்த நேரம் சும்மா இருங்க. வெயில் வரட்டும்.”

மேகம் விலகியது. ஒரு பூச்சி சிறகை விரித்தது. உள்ளே வெளிர்நீலம்.

“பாத்தீகளா? வண்ணத்துப்பூச்சி. உங்கள மாதிரிதான், வெளிய சிடுசிடுன்னு, உள்ள வேற.”

“எம்புட்டுக் கொழுப்பு ஒனக்கு!”

மருந்தடிக்கவில்லை. அதன்பின் கரண்ட் போனபோதெல்லாம் கவனித்தேன். கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். முழங்காலுக்கு மேல் எழும்பிப் பறக்காது. மூடினால் சாம்பலில் கரும்புள்ளிகள். ஆணுக்குத்தான் நீலம், பெண் மங்கல். அவரைப் பூவுக்கு வருகிற நீலப் பூச்சிக்குச் சிறகு நுனியில் வால் மாதிரி இழை உண்டு, இதற்குக் கிடையாது. களத்தோரம் புல்லோடு படர்ந்து கிடக்கிற புளிப்புக் கீரை, புளியாரை, அதன் இலையில்தான் முட்டை வைக்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தொண்ணூறுகளில் ஜெனரேட்டர் வாங்கினேன். எங்கள் தெருவில் முதல் ஜெனரேட்டர் என்னுடையதுதான். தறி நிற்காமல் ஓடியது. களத்தோரம் உட்காருவதுதான் நின்றுபோயிற்று. அவள் செட் வாசலில் வந்து, “வாரீகளா?” என்பாள். சத்தத்தில் கேட்காது; வாயசைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். “பொறவு வாரேன்” என்று கையைக் காட்டுவேன். களத்துக்குச் சிமெண்டு போட்டபோது, “அந்த ஓரத்த மட்டும் விட்டுருங்க” என்றாள். புளியாரை முளைத்த அந்தத் துண்டைச் சுற்றி நானே செங்கல் பதித்தேன்.

இப்போது அவள் இல்லை. பகலில் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கே போய் உட்காருகிறேன். வெயில் வந்தால் பூச்சிகள் சிறகை விரிக்கின்றன. ஒரு வார்த்தை கிண்டல் பண்ணப் பக்கத்தில் ஆளில்லை.

என் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் அந்தப் புளியாரைத் துண்டை ‘அம்மா வளர்த்த இடம்’ என்கிறார்கள். சொல்லட்டும், அவள் சொல்லாவிட்டால் அது இருந்திருக்காது. ஆனால் சிமெண்டு போடாமல் விட்டவன் யார்? செங்கல் பதித்தவன் யார்? இனிமேல் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளை மட்டும் தனியாகச் சொல்லக் கூடாது. என்னையும் அவள் பக்கத்தில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.