வடைக்கடைக்குப் போன நகல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் முதல் ஜெராக்ஸ் கடையை வைத்தவனும் நான்தான். மெஷின் வந்த அன்று வாசல் போதவில்லை. சுவரை இடித்து உள்ளே இறக்கினேன். கடற்காற்றில் தாள் நமுத்துப்போகிற ஊர் இது. தாள்கட்டை எரிகிற பல்புக்குக் கீழே வைத்துக் காயவைக்கும் வழியை நானாகக் கண்டுபிடித்தேன். மெஷினைப் பழுது பார்க்க வந்தவரே அதை நோட்டில் குறித்துக்கொண்டு போனார். தருமபுரத்தில் மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களையும் பட்டதாரி ஆக்கினேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் ஓர் அம்மா சொல்லித்தந்தார். அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அரபு நாட்டுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு வருவார்கள். பிரான்சிடம் பென்ஷன் வாங்கும் குடும்பத்தார் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களோடு வருவார்கள். எடுக்கிற நகலில் ஒன்றிரண்டு கறுத்தோ கோணியோ வந்துவிடும். அவற்றைச் சேர்த்துக் கட்டி, பக்கத்து வடைக்கடைக்குக் கொடுத்துவிடுவேன். ஒருபக்கம் வெள்ளையான நல்ல தாள் வீணாகக் கூடாது என்பது என் நினைப்பு. சாயங்காலம் சூடாக மசால்வடை எனக்கு வரும். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.

ஒருநாள் காலை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு தாள்.

“என்ன தம்பி, எம் பொண்ணோட காயிதத்துல வடை மடிச்சுத் தர்றாங்களே?”

வாங்கிப் பார்த்தேன். அவர் மகளின் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்று. முந்தின வாரம் நான் எடுத்தது.

“கெட்டுப்போன காப்பிதானேம்மா. கறுப்படிச்சிருக்கு பாருங்க.”

“ஒங்களுக்குத்தான் கறுப்பு. வடை தின்ன கல்யாணத் தரகருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கே! நேத்துலேர்ந்து நாலு பேரு பொண்ணு கேட்டு வந்துட்டாங்க. ஒருத்தர் பொண்ணு பேரக்கூடக் கேக்கல. பாரிசுக்கு எப்பப் போகலாம்னு கேக்குறாரு.”

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால், கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விடலாம் என்று மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அதனாலேயே அந்த அம்மா அதை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார். “எம் பொண்ணுக்காக ஒருத்தர் வரணும்னு இருந்தேன் தம்பி. இப்ப காயிதத்துக்காக வர்றாங்க” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

என் பெண்கள் மூவரும் கண்முன் வந்தார்கள். நேரே வடைக்கடைக்குப் போய், மிச்சமிருந்த கட்டை வாங்கி வந்து அவர் எதிரிலேயே கிழித்துப்போட்டேன்.

“அண்ணே, ஒங்க பேப்பருதான் எண்ணெய நல்லா உறிஞ்சுச்சு! நிறுத்திப்புட்டீங்களே!” என்று வடைக்கடைக்காரர் வெகுநாள் புலம்பினார்.

மறுநாளே பலகை மாட்டினேன். ‘கெட்டுப்போன நகலும் உங்களுடையதே. கேட்டு வாங்கிச் செல்லவும்.’ வாசகம் அந்த அம்மா சொன்னது. பெயிண்ட் அடித்தது நான். அதோடு விடவில்லை. பாஸ்போர்ட் நகல் கூடுதலாகக் கேட்கிறவர்களிடம், யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டு ஒருவர் கோபித்துக்கொண்டார்.

“கடை நடத்துறீங்களா, கோர்ட்டு நடத்துறீங்களா?”

“ரெண்டும்தாங்க. ஆறு காப்பி எதுக்குன்னு சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்.”

அவர் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. வேறு கடைக்குப் போனார். போகட்டும்.

பக்கத்து ஊர்களுக்கும் போனேன். வரிச்சிக்குடியில் ரேஷன் கடை வரிசையிலும், திருவேட்டக்குடியில் வலை பின்னுகிற இடத்திலும் போய் நின்று பேசினேன். அந்த அம்மாவும் கூட வந்தார். நான் சத்தமாகப் பேசினேன். அவர் புரியும்படி பேசினார். “ஒங்க பேரு, பொறந்த தேதி, கையெழுத்து எல்லாம் ஒங்க வீட்டுச் சாவி மாதிரி. கேட்டவங்க கையிலெல்லாம் குடுப்பீங்களா?” என்பார். மீனவப் பெண்கள் தலையாட்டுவார்கள். ஒருத்தி, “அப்ப இந்தக் கடைக்காரரு எத்தன சாவிய வடைக்கடையில குடுத்தாரு?” என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வருஷம் அந்த அம்மா மகளின் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். மாப்பிள்ளை வரிச்சிக்குடிக்காரர், பள்ளி வாத்தியார். “வந்தவங்கள்ல இவரு ஒருத்தர்தான் தம்பி, பொண்ணு என்ன படிக்கப் பிரியப்படுதுன்னு கேட்டாரு” என்றார். நான் செய்த கேட்டிலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது வந்துவிட்டது. அந்தக் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்று பரிமாறினேன்.

இப்போது தனிமனிதத் தகவல் பாதுகாப்பு என்று நகரத்தில் கூட்டம் போடுகிறார்கள். அச்சடித்த தாள் தருகிறார்கள். அதில், நகல் கேட்டால் எதற்கென்று கேளுங்கள், மிஞ்சியதைக் கிழித்துப்போடுங்கள் என்று இருக்கிறது. நல்லது. அந்த மேடையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை இந்த ஊரில் முதலில் சொன்னவர் ஓர் அம்மா. பலகை எழுதி மாட்டி, ஊர் ஊராகப் போய் நின்றவன் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன். தாளில் முதல் வரி அவருக்கு. இரண்டாவது வரி எனக்கு வேண்டும். போடுங்கள்.