பகலில் விளக்கு எரிந்த வாரம்

ஒஹாயோவில் எனக்கு அது இரண்டாவது இலையுதிர் காலம். காலையில் வேலைக்குப் போகச் சாலையோரம் நின்றிருந்தேன். நல்ல வெயில். ஆனாலும் எதிரே வந்த கார்களில் பாதிக்குமேல் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விருத்தாசலத்தில் வளர்ந்தவன் கை சும்மா இருக்குமா? நம்மூர் பீங்கான் கம்பெனிகளுக்குக் களிமண் ஏற்றி வரும் லாரி விடிந்த பிறகும் விளக்கோடு வந்தால், டீக்கடையில் நிற்பவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை கையை உயர்த்தி விரல்களை மூடித் திறந்து காட்டுவோமே, அதைத்தான் காட்டினேன். ஒருவரும் அணைக்கவில்லை. உற்சாகமாக ஹாரன் அடித்தார்கள். ஒரு பெண்மணி முத்தமே பறக்கவிட்டார்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வால்டரின் காரிலும் விளக்கு எரிந்தது. நான் வேலை பார்க்கும் பீங்கான் ஆலையில் சூளையைக் கவனிப்பவர் அவர். தினமும் என்னை ஏற்றிப்போகிறவர். “நீயும் எங்கள் பக்கமா?” என்று சிரித்தார். வியட்நாமில் ராணுவம் தொடர்ந்து இருக்கட்டும் என்பவர்கள் இந்த வாரம் பகலிலும் விளக்குப் போட்டு ஓட்டுகிறார்களாம். திரும்பி வரட்டும் என்பவர்கள் போடுவதில்லையாம். வால்டரின் மகன் டேனி அப்போது அங்கேதான் இருந்தான்.

ராணுவம் இருப்பதா, வருவதா என்று ஊரே அபிப்பிராயம் சொல்வது எனக்குப் புதுமையாக இருந்தது. என் அண்ணன் ஐ.நா. படையோடு காங்கோ போயிருந்தபோது எங்களை யார் கேட்டார்கள்? அம்மா மட்டும் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எவன் வூட்டு சண்டையோ அது. எம்புள்ளய வந்துடச் சொல்லுங்க.”

“சர்க்காரு அனுப்பிச்சா போய்த்தான் ஆவணும்” என்பார் அப்பா. “கூப்புட்டா வந்துடுவான், சும்மா இரு.”

அண்ணன் நல்லபடியாகத் திரும்பி வந்தார். அதனாலேயே அந்த வாக்குவாதத்தை நான் மறந்துபோயிருந்தேன்.

அன்று மாலை வால்டர் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நான் கைகாட்டிய கதையை மனைவி ஹெலனிடம் பெருமையாகச் சொன்னார். ஹெலன் காருக்குள் கையை விட்டு விளக்கை அணைத்தார். “என் பிள்ளை அங்கேயே கிடக்கட்டும் என்று நீயுமா சொல்கிறாய்?” என்று என்னைக் கேட்டார். பதறிப்போனேன். அணைக்கச் சொல்லித்தான் எங்கள் ஊரில் அப்படிக் காட்டுவோம் என்று இருவரிடமும் சொன்னேன். வால்டரின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்படியானால் நாளைக்கும் காட்டு. நான் சொல்லி இவர் கேட்கவில்லை” என்றார் ஹெலன்.

மறுநாள் கார் விளக்கோடுதான் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் உனக்கு எதற்கடா வம்பு என்று தோன்றியது. அம்மா புலம்பியதும் காதில் கேட்டது. கையை உயர்த்தி விரல்களை மூடித் திறந்தேன்.

வால்டர் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். விளக்கை அணைக்கவில்லை. போகிற வழியில் சொன்னார். “டேனியின் சிநேகிதன் அங்கே செத்துப்போனான். இப்போது எல்லோரும் திரும்பி வந்துவிட்டால், அந்தப் பையன் எதற்காகச் செத்தான்?”

எதிரே காரில் வந்தவர்கள் ஹாரன் அடித்து எங்கள் இருவருக்கும் சேர்த்தே கையசைத்தார்கள். வால்டர் பதிலுக்கு அசைத்தார். நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நானே அணைக்கச் சொன்ன விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன்.