டாக்டர் என்ற பலகை

மல்லேஸ்வரத்தில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் விஞ்ஞானி. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஆய்வகத்தில் வேறு பெண்களே இல்லாததால், பியூன்கள் அவரையும் பழக்கதோஷத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்களாம்.

கிராப்பு வெட்டிய நரைமுடி. கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். தினமும் காலையில் தெருமுனைப் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்குவார். சூட முடியாத தலைக்கு எதற்குப் பூ? வீட்டில் சாமி படமும் கிடையாது.

ஒருநாள் வாசல் தூணில் ஆணித் துளைகளைப் பார்த்து, "இங்க என்ன மேடம் இருந்தது?" என்று கேட்டேன்.

"என் பேர்ப்பலகை. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருந்தேன். போராடி வாங்கின பட்டமில்லையா." தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூக்காரி அதை நம்பி, வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தா. நிஜ கிளினிக்கைத் தாண்டித்தான் வந்திருக்கா. நான் அந்த டாக்டர் இல்லம்மான்னேன். அவளுக்குப் புரியல. 'பரவால்ல, நீங்க தொட்டுப் பாருங்க'ன்னா. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல கூட்டிட்டுப் போனேன், பாதி வழி போறதுக்குள்ள குழந்தை போயிடுச்சு."

மறுநாள் காலை நானும் அவருடன் தெருமுனை வரை நடந்தேன். பூக்காரி முழத்துக்கு மேல் நாலு விரற்கடை கூட்டி அளந்து, சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"இந்தாங்க டாக்டரம்மா."

அவர் திருத்தவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.