பாஸ் ஆட்டத்துக்கு எதற்குக் கட்டை

என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தது என் அண்ணனைப் பற்றித்தான். வீட்டுக்காரர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபுட்போல் டீமுக்குக் கேப்டன். அண்ணன் அதே டீமில் பின்னால் நின்று தடுக்கிற ஆள். எழுபதுகளின் கடைசி அது. கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு முதல் தடவையாக ஃபைனல் வாய்த்திருந்தது. எதிரே நுவரெலியா டவுண் டீம்.

அண்ணனை எல்லோரும் கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குட்டை என்பதால் மட்டும் இல்லை. அவர் கொழுந்து லொறியில் கிளீனர். சரிவில் லொறி நின்றால் குதித்தோடிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். விளையாட்டிலும் அதே வேலைதான். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறவன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் அண்ணனிடம் வந்து நிற்பான். ஆனால் பந்துக்குப் பின்னால் ஓடச் சொன்னால் அவருக்கு மூச்சு வாங்கும்.

டவுண்காரர்கள் ஓடுகிறவர்கள் இல்லை. பந்து ஒருவன் காலுக்கு வந்தவுடனே அடுத்தவன் காலுக்குப் போய்விடும். முந்தி ஒருமுறை அவர்களோடு விளையாடியபோது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அண்ணன் நடுவில் நின்று சுற்றினார். பார்த்துக்கொண்டிருந்த சனம் சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அண்ணனப் போட மாட்டீங்கன்னு லயமே பேசுது. மெய்யா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஓடுறவன நிறுத்தத்தான் ஒங்கண்ணனுக்குத் தெரியும். அவனுங்க ஓட மாட்டானுங்களே. பாஸ் ஆட்டத்துக்கு எதுக்குக் கட்டை?"

"மச்சான்னு ஒரு மரியாத வேணாமா?"

"கிரவுண்டுல மச்சான் கிச்சான் எல்லாம் கெடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊற்ற எடுத்த ரசத்தைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டேன். வெறும் சோற்றையே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

கோபத்துக்குக் காரணம் பந்து இல்லை. ஃபைனலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன பிறகு, தாய் வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அண்ணன் ஒருவர்தான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணனோ ரோஷக்காரர். மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற வழியில் என்னை நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"என்ன உட்கார வச்சா அதுக்கப்புறம் ஒங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன் தங்கச்சி. வேற மடியப் பாத்துக்க."

"தாய்மாமன் மடி என்ன கடையில விக்கிதா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கொழுந்தில் கை ஓடவே இல்லை.

ஃபைனல் எங்கள் தோட்டத்துக் கிரவுண்டில் நடந்தது. மலையைச் சீவிப் போட்ட கிரவுண்டு என்பதால் ஒரு கோல் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும். அண்ணன் சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, எல்லோரையும் விட்டுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அவரைப் போடவும் இல்லை, அவர் இருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து என் கழுத்துதான் வலித்தது.

முதல் பாதியில் சரிவில் உருண்ட பந்தை எங்கள் பையன் ஒருவன் எப்படியோ உள்ளே தள்ளிவிட்டான். இரண்டாவது பாதியில் பள்ளத்துக் கோல் எங்களுடையது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். கணுக்காலில் சில்லென்று பட்டது. பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் மேட்டுக் கோல் மறைந்தது. பிறகு நடுவில் நின்றவர்கள் மறைந்தார்கள். டவுண்காரன் வழக்கம்போல் பந்தைத் தட்டினான். வாங்க வேண்டியவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒன்றிரண்டு முறை தட்டிப் பார்த்தார்கள், பந்து வீணாகத் தேயிலைக்குள் போனது. அப்புறம் அவர்களில் நெட்டையன் ஒருவன் பந்தை விடாமல் காலிலேயே வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். எங்கள் ஆட்கள் இருவரை இடித்துத் தள்ளிவிட்டு அவன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

வீட்டுக்காரர் ஓரத்துக்கு ஓடி வந்தார். "மச்சான், எறங்குங்க."

அண்ணன் அசையவில்லை. "கிரவுண்டுல மச்சான் கிச்சான் கெடையாதாமே, மாப்பிள்ளை?"

லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு; அதன் சுவருக்குக் காது மட்டுமா இருக்கிறது, வாயும் உண்டு. அதற்கு மேல் கெஞ்ச வீட்டுக்காரருக்கும் வராது, இறங்கி வர அண்ணனுக்கும் வராது. எனக்குப் பொறுக்கவில்லை. நேராக அந்தக் கல்லுக்கே போனேன்.

"அண்ணே, லொறி சரிவுல உருளுது. டிரைவர் மேல கோவம்னு கட்டை வைக்காம நிப்பீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பனிக்குள் போனார்.

நான் திரும்பக் கோலுக்குப் பின்னால் வந்து நின்றேன். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தது குறைவு, காதால் கேட்டதுதான் அதிகம். ஓடி வருகிற சத்தம், ஒரு மோதல், "அம்மே" என்று ஒருவன் விழுகிற சத்தம். டவுண்காரர்களுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடினால் அங்கே அண்ணன் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

கொழுந்து நிறைய வந்ததால் அந்த ஞாயிறும் ஃபெக்டரி ஓடியது. வேலை முடிகிற சங்கு அது. அந்தச் சங்கு கேட்டால் தோட்டத்து ஆள் கையில் இருப்பதைப் போட்டுவிடுவான், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். விசில் ஊதுகிறவர் பனியில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தது என்று எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். என் கண் முன்னால் கோல் காவலுக்கு நின்றவனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். நெட்டையனுக்குச் சங்கு என்ன தெரியும்? அவன் பந்தோடு வந்துகொண்டே இருந்தான்.

அண்ணன் மட்டும் நிற்கவில்லை. சங்கு ஊதிக் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் லொறிக்காரனுக்கு வேலையே தொடங்கும். பனியைக் கிழித்துக்கொண்டு குறுக்கே வந்தார், நெட்டையன் காலுக்கும் பந்துக்கும் நடுவில் அப்படியே விழுந்தார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதற்கு அப்புறம்தான் உண்மையான விசில் ஊதியது.

கோல் போட்ட பையனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டில் ஆடினார்கள். அண்ணன் தடுத்ததை நானும் நெட்டையனும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. நெட்டையன் நொண்டிக்கொண்டே போய், "அந்தக் குட்டை ஆளு யாரு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் அவர் கப்பை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, பனிக்குள் "மச்சான், மச்சான்" என்று தேடி வந்தார். வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த அண்ணன் பதில் சொல்லவில்லை. நான்தான் "இங்க" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும், மாவுக்கட்டு போடும்போதும் அண்ணன் அவரோடு பேசவே இல்லை.

அடுத்த ஞாயிறு வரை எனக்குத் தூக்கம் கிடையாது. அன்று காலையில் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் கீழே அண்ணன் இருந்த பணிய லயத்துக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அண்ணன் அவர் முதுகில் இருந்தார். இருவர் முகமும் இறுகித்தான் இருந்தது. படியேறிக் கோயில் வரைக்கும் அப்படியே வந்தார்கள்.

பிள்ளையை அண்ணனின் நல்ல காலில் உட்கார வைத்தோம். ஊசியைப் பார்த்ததும் அவள் துள்ளி, மாவுக்கட்டிலேயே ஓர் உதை விட்டாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார், மடியை மட்டும் அசைக்கவில்லை.

"ஆடாமப் புடிச்சுக்கங்க" என்றார் ஆசாரி.

"கட்டை ஆடாதுங்க" என்றார் வீட்டுக்காரர், பழக்கத்தில்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளை, இது கிரவுண்டு இல்ல. மச்சான்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அதே நேரம் ஊசி இறங்கியது. பிள்ளை போட்ட கூச்சலில் அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் கேட்டது.