மேல ஊரில் எலிக்காய்ச்சல், கீழ ஊரில் நடவு

காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சுகாதார ஆய்வாளருக்குச் சம்பளம். கண்டுபிடித்ததை வெளியே சொன்னால் மெமோ. என்னைப் போலவே இந்தக் கூத்தில் மாட்டியிருக்கும் சகாக்களே, முத்துப்பேட்டைப் பக்கம் போன நடவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஊர் பேர்

எங்கள் வாய்க்காலின் மேல ஊரில் எலிக்காய்ச்சல் என்று காதில் விழுந்தது. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் கால் வைத்தால் வருவது. கீழே எங்கள் ஊரில் அப்போதுதான் நடவு தொடங்க இருந்தது. பெண்கள் சேற்றில் இறங்கும் முன்பே தடுப்பு மாத்திரை கொடுத்துவிடலாம். ஸ்டோரில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. ஆனால் மேல ஊரில் கேஸ் உறுதி என்று காட்டினால்தான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள்.

டவுனில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருப்பவரிடம் ஓடினேன். “ஆள் பேர் வேண்டாங்க, ஊரை மட்டும் சொல்லுங்க” என்று கெஞ்சினேன். மனுஷன் சிரிக்கிறார்! “ஊர் பேரைச் சொல்லிட்டா அப்புறம் அந்த ஊர்லேருந்து ஒருத்தன் என் லேபுக்கு வருவானா சார்?”

பக்கத்து மாவட்டம்

மேல ஊர் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் ஓர் ஆய்வாளர், என்னோடு பயிற்சி எடுத்தவர். அவரிடம் எல்லா விவரமும் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்திருந்தார், அவர்கள் மாவட்டத்து ஆபீசர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி. “வாட்ஸப்பில் ஒரு வரி போடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றேன். மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு வந்ததே கோபம்! “வாய்க்கால் தண்ணிக்கு மாவட்டம் தெரியுமாய்யா?” என்று போனில் கத்தினேன்.

“தண்ணிக்குத் தெரியாது, எங்க மேடத்துக்குத் தெரியுமே” என்றார்.

அனுமதி

அந்த மேடத்தின் அனுமதி வந்தது, செல்வி செத்த பிறகு. எங்கள் ஊர் நடவுக் கோஷ்டியில் முதல் ஆளாக வயலில் இறங்குகிறவள். காய்ச்சல் கண்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போயும் பிழைக்கவில்லை. மாத்திரைப் பெட்டியோடு அவள் தெருவுக்குள் நுழைய எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் புருஷன் ராசேந்திரன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“மேல மடையைத் திறந்தா அங்கேருந்து உடனே போன் வந்துடும் சார், தண்ணி வருது, வரப்பைப் பாத்துக்கங்கன்னு. காய்ச்சல் வருதுன்னு சொல்ல உங்க ஆளுங்க ஒருத்தர்கிட்டகூடவா போன் இல்லை?”

ஆக, கையில் இருந்ததை ஒளிக்காமல் ஊர் ஊராகப் பகிர்ந்துகொண்டது எலிகள் மட்டும்தான்.