உபதேசியார் வாசித்த சீட்டு

புன்னக்காயல் மாதா கோயிலில் யாராவது பூசை ஒப்புக்கொடுத்தால், எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பூசை தொடங்குமுன் உபதேசியார் அதை மைக்கில் வாசிப்பார். பெரும்பாலும் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெயர் வந்தது. ஜெர்மன் மொழித் தேர்வில் நான் தேறி, அந்த நாட்டில் நர்ஸ் வேலை கிடைக்க வேண்டுமாம். கோயிலுக்குள் இருந்தவர்கள் போதாதென்று, வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் கடற்கரை வரைக்கும் சொல்லிவிட்டது.

நான் சொன்னது அம்மாவிடம் மட்டும். யாரிடமும் மூச்சு விடாதே என்றுதான் சொல்லியிருந்தேன். நான் வீட்டுக்கு வந்து கத்தியதும் என்னையே கேட்டாள்: "ஏட்டி, சேசுட்ட சொன்னா அது ஊருக்குச் சொன்னதா ஆயிருமா?"

திருநெல்வேலியில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்ட்டரில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். செவ்வாய்க்கிழமையே மேட்ரன் கூப்பிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?" என்று சிரித்தார். அடுத்த மாதம் முழுக்க எனக்கு மதிய ஷிப்ட். ஜெர்மன் வகுப்போ பாளையங்கோட்டையில், மாலை நேரத்தில். ஒரு நாள்கூடப் போக முடியவில்லை. பேசிக் காட்டும் தேர்வில் வார்த்தை வரவில்லை, தோற்றேன்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "ஏட்டி ஜெர்மன்காரி, எப்பம் பயணம்?" என்பார்கள். நான் தோற்றதற்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவர்களை வெறுத்தேன். அம்மாவை இன்னும் அதிகமாக வெறுத்தேன். அவள் நல்லது நினைத்துத்தான் செய்தாள், அதனால் மனசாரச் சண்டை போடக்கூட வழியில்லை.

இரண்டாம் முறை ஒருவரிடமும் சொல்லவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினேன். புத்தகங்களை விடுதியை விட்டு வெளியே எடுக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டபோதும் "பாரு" என்றுவிட்டேன். அவள் பழையகாயல் வரை வெயிலில் அலைந்து, ஒரு இடத்தில் வாக்கும் கொடுத்திருந்தாள். எனக்கு இரக்கம் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு, புறப்பட நாலு நாள் இருக்கும்போது சொன்னேன். மகிழ்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து கையைக் கழுவினாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"போயிட்டு வா. போற எடத்துலயாவது ஒரு ஆள நம்பு."